இன்டேக் மேனிஃபோல்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இன்டேக் மேனிஃபோல்டை மாற்றப் பெரிய பலம் வேண்டியதில்லை. போல்ட்டுகள் சிறியவை. இன்றைய கார்களில் அந்தப் பாகமே பெரும்பாலும் பிளாஸ்டிக், ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். ஆனாலும் வீட்டில் செய்பவர்கள் இந்த வேலையில் சறுக்குகிறார்கள். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். திறந்து கிடக்கும் துவாரத்துக்குள் ஏதாவது விழுந்துவிடும், அல்லது எல்லாம் பூட்டி முடித்தபிறகு எங்கோ ஒரு மயிரிழை இடைவெளியில் காற்று புகும். உள்ளே எதுவும் விழக்கூடாது, கணக்கில் வராத காற்று நுழையக்கூடாது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

இங்கே சொல்வது பெட்ரோல் எஞ்சினுக்கு, அதிலும் மேனிஃபோல்டுக்கு அருகில் இன்ஜெக்டர் இருக்கும் சாதாரண வகைக்கு. சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு எங்கே வேறுபாடு வருகிறதோ அங்கே சொல்கிறேன். உங்கள் காருக்கான சர்வீஸ் மேனுவல் பக்கத்தில் இருக்க வேண்டும். போல்ட் முறுக்கும் அளவும் வரிசையும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், அதைப் பொதுவாக யாராலும் சொல்லிவிட முடியாது.

மேனிஃபோல்ட் என்ன செய்கிறது

ஏர் ஃபில்டர் வழியாக வரும் காற்று, அதன் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைத் தாண்டியதும் ஒரு பெட்டிக்குள் போகிறது. அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் பிரிகிறது. இந்தப் பெட்டியும் குழாய்களும் சேர்ந்ததுதான் இன்டேக் மேனிஃபோல்ட். முன்பெல்லாம் வார்ப்பிரும்பிலும் அலுமினியத்திலும் வார்த்தார்கள். இப்போது கண்ணாடி இழை கலந்த நைலானில் செய்கிறார்கள். எடை குறைவு, எஞ்சின் சூடு உள்ளே வரும் காற்றுக்கு அவ்வளவாக ஏறாது, உட்சுவரும் வழவழப்பாக இருக்கும். ஆனால் பல வருடம் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, கடைசியில் ஒட்டுப்போட்ட விளிம்பில் விரிசல் விடும்.

த்ராட்டில் மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் காற்றை இழுக்கும், காற்று வர வழி குறைவாக இருக்கும். அதனால் மேனிஃபோல்டுக்குள் வேக்யூம் உண்டாகிறது. நல்ல எஞ்சினில் ஐட்லிங்கின்போது கேஜ் வைத்தால் 17 முதல் 22 அங்குலம் பாதரச அளவு வரை காட்டும். பிரேக் பூஸ்டர் பெடலை இலகுவாக்குவதும் இந்த வேக்யூமை வைத்துத்தான். உறிஞ்சுகுழலில் சின்ன ஓட்டை விழுந்தால் இழுவை எப்படிப் போய்விடுமோ, மேனிஃபோல்டில் விரிசல் விழுந்தாலும் அப்படித்தான். உள்ளே வரும் காற்றை அளப்பது மாஃப் சென்சர். அது அளக்காத காற்று பின்வாசல் வழியாக உள்ளே போகும், கம்ப்யூட்டர் போடும் பெட்ரோல் கணக்கு தவறும்.

பழுது அங்கேதானா என்று முதலில் பாருங்கள்

நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பணத்தை விடுகிறார்கள். ஐட்லிங் ஏறி இறங்குகிறது, ஸ்கேனரில் பி0171 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வருகிறது, உடனே மேனிஃபோல்டை வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கோடு சொல்வது பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்பதை மட்டும்தான். காற்று எங்கே புகுந்தது என்று அது சொல்லாது. வி வடிவ எஞ்சினில் மறுபக்கத்துக்கு பி0174. கூடவே மிஸ்ஸிங் இருந்தால் பி0300 வரிசைக் கோடுகளும் சேர்ந்து வரும்.

ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறது என்பதைக் காட்டும் ஸ்கேனர் ஒன்று இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். எஞ்சின் நன்றாகச் சூடானபிறகு ஐட்லிங்கில் லாங் டெர்ம் ட்ரிம்மைப் பாருங்கள். அங்கே +15, +20 சதவீதம் என்று நின்று, ஆக்ஸிலரேட்டரை அழுத்தி 2500 ஆர்பிஎம்மில் பிடித்ததும் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் வேக்யூம் கசிவு என்றே எடுத்துக்கொள்ளலாம். ஐட்லிங்கில் உள்ளே போகும் மொத்தக் காற்றே கொஞ்சம். அதில் ஓட்டைக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் மொத்தக் காற்று பல மடங்காகி ஓட்டையின் பங்கு கரைந்துவிடும். மாறாக, வேகம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், அடைத்த ஃபில்டர், அழுக்கான மாஃப் சென்சர் பக்கம் போய்த் தேடுங்கள். மாஃப் இல்லாமல், மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சரை மட்டும் நம்பும் எஞ்சின்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே கசிவு இருந்தால் பெரும்பாலும் ஐட்லிங் உயர்ந்து நிற்பதுதான் அடையாளம்.

கசிவு உறுதியானபிறகும் மலிவான இடங்களை முதலில் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர், டிப்ஸ்டிக்கின் ஓ-ரிங், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்கு விடும் பி.சி.வி வால்வும் அதன் வளைந்த ஹோஸும், பிரேக் பூஸ்டர் ஹோஸ், த்ராட்டில் பாடிக்கு முன்னால் இருக்கும் மடிப்பு வைத்த ரப்பர் குழாய். இந்த ரப்பர் குழாயின் விரிசல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். கையால் வளைத்து விரித்தால்தான் கண்ணில் படும்.

உறுதியான சோதனை என்றால் புகைச் சோதனைதான். எஞ்சினை நிறுத்திவிட்டு, குறைந்த அழுத்தத்தில் மேனிஃபோல்டுக்குள் புகை விட்டால், எங்கே ஓட்டையோ அங்கிருந்து புகை எழும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை எஞ்சின் ஓடும்போது அடித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். எரியும் திரவம், சூடான எக்ஸாஸ்ட், பக்கத்திலேயே தீப்பொறி, மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. புகை மெஷின் கைக்கு வராவிட்டால், சாதாரணத் தண்ணீரை மெல்லிய சாரலாக, இணைப்பை அடைக்கும் கேஸ்கட்டின் விளிம்பில் அடியுங்கள், மின் இணைப்புகளில் படாமல். ஓட்டை இருக்கும் இடத்தில் ‘ஸ்ஸ்’ சத்தம் ஒரு கணம் மாறும், அல்லது அடங்கும்.

சில வி6, வி8 எஞ்சின்களில் மேனிஃபோல்டுக்குள்ளேயே கூலன்ட் ஓடும் வழி இருக்கும். ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8 எஞ்சினில் வந்த முழுப் பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் இதற்குப் பேர்போனது. முன்பக்கம் கூலன்ட் கடக்கும் இடத்திலேயே விரிசல் விட்டுவிடும். இப்படிப்பட்ட எஞ்சினில் வெளியே சொட்டாமலே கூலன்ட் குறைவது, இரண்டு ஹெட்டுக்கும் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதி) நடுப்பள்ளத்தில் தேங்குவது, எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறுவது எல்லாம் மேனிஃபோல்ட் கேஸ்கட்டைக் காட்டும். ஆனால் ஆயில் பால் நிறமானால் ஹெட் கேஸ்கட்டாகவும் இருக்கலாம். மேனிஃபோல்டைக் கழற்றுவதற்கு முன் அந்தச் சோதனையையும் முடித்துவிடுங்கள்.

சேகரிக்க வேண்டியவை

மேனிஃபோல்டை மட்டும் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டாம். மேனிஃபோல்ட் கேஸ்கட், த்ராட்டில் பாடி கேஸ்கட், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஓ-ரிங், மேப் சென்சரின் சீல், எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் இ.ஜி.ஆர் குழாய் இருந்தால் அதன் கேஸ்கட், எல்லாம் புதிதாக வேண்டும். கழற்றிய சீலைத் திரும்பப் போடுவது இந்த வேலையில் கட்டுப்படியாகாது. நாலு காசு மிச்சம் பிடித்து, மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் ஹோஸ்களையும் இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடுங்கள், இனி அங்கே கை போக வாய்ப்பே இருக்காது. கூலன்ட் ஓடும் வகையாக இருந்தால் கூலன்ட், எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர் மூன்றும் வேண்டும்.

கருவிகளில் கால் அங்குல, 3/8 அங்குல ராட்செட்டுகள், நீளமான எக்ஸ்டென்ஷன்கள், ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், 8, 10, 12, 13 மி.மீ. சாக்கெட்டுகள் போதும். சில கார்களில் டார்க்ஸ் தலை போல்ட் வரும். ஃபியூயல் லைன் கழற்றும் பிளாஸ்டிக் வளையம், பிளாஸ்டிக் சுரண்டி, நீளக் கம்பி வைத்த காந்தம், கைக்கண்ணாடி, தலையில் மாட்டும் விளக்கு, கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை, வேக்யூம் கிளீனர், பஞ்சு உதிராத துணிகள் எடுத்துவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், போல்ட்டின் முறுக்கத்தை 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் சின்ன டார்க் ரெஞ்ச். சக்கர நட் முறுக்கும் பெரிய ரெஞ்ச் இங்கே உதவாது. அதன் அளவுகோலின் அடிமட்டத்தில் இருக்கும் சின்ன எண்களை நம்பவே முடியாது.

பெட்ரோல் அணைக்கும் வகைத் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நேர்வரிசை நாலு சிலிண்டர் எஞ்சினாக இருந்தால் அரை நாள் ஒதுக்குங்கள். குறுக்காக வைத்த வி6 என்றால் ஒரு முழு நாள்.

1. எஞ்சின் முழுதாக ஆறட்டும்

முந்தின இரவே காரை நிறுத்திவிடுவது நல்லது. அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது போல்ட்டைத் திருப்பினால் மரை பிய்ந்து வர வாய்ப்பு அதிகம். பெட்ரோல் சிந்தும் வேலையை வேறு சூட்டில் செய்யவே கூடாது.

2. பெட்ரோல் அழுத்தத்தை இறக்குங்கள், அப்புறம் பேட்டரி

இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாயான ஃபியூயல் ரயிலில் எஞ்சின் நின்றபிறகும் அழுத்தம் நிற்கும். சாதாரண வகையில் 3 முதல் 4 பார் இருக்கும். அந்த அழுத்தத்தில் லைனைக் கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். ஃபியூயல் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நேரம் ஓடித் தானாக அணையும். மறுபடி சில விநாடி செல்ஃப் அடித்தால் மிச்ச அழுத்தமும் போய்விடும். இதை முடித்தபிறகுதான் பேட்டரியின் நெகடிவ் கேபிளைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் அழுத்தம் அப்படியே உள்ளே இருக்கும்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் உயர் அழுத்தப் பக்கம் 200 பாரைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் வரும் திரவம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நல்ல வேளையாக, அத்தகைய எஞ்சின்கள் பலவற்றில் இன்ஜெக்டர் ஹெட்டிலேயே இருப்பதால் உயர் அழுத்தக் குழாயைத் தொடாமலே மேனிஃபோல்டை எடுத்துவிட முடியும். தொட்டே ஆக வேண்டிய அமைப்பு என்றால் மேனுவல் சொல்லும் முறையைத் தவிர வேறு வழியில் போகாதீர்கள்.

3. கூலன்ட்

மேனிஃபோல்டிலோ த்ராட்டில் பாடியிலோ கூலன்ட் ஓடினால் ரேடியேட்டரின் அடிப்பிளக்கைத் திறந்து சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள். த்ராட்டில் பாடிக்கு மட்டும் இரண்டு சின்ன ஹோஸ் போகிறது என்றால் முழுவதையும் வடிக்க வேண்டியதில்லை, ஹோஸைக் கழற்றியதும் முனையை அடைத்துவிட்டால் போதும். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். ஆனால் ருசி இனிப்பு. குழந்தைகளோ நாய், பூனையோ வந்து வாய் வைக்காதபடி உடனே மூடிவையுங்கள்.

4. படம், லேபிள், அப்புறம் கழற்றல்

எஞ்சின் கவரை எடுத்ததும் கைபேசியில் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். ஹோஸ் எதன் மேல் போகிறது, எதன் அடியில் நுழைகிறது என்பது தெரிய வேண்டும். ஒவ்வொரு ஹோஸுக்கும் அது மாட்டும் முனைக்கும் ஒரே எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ஒரே மாதிரிச் சாக்கெட் கொண்ட இரண்டு கனெக்டர் பக்கத்தில் பக்கத்தில் வரும் எஞ்சின்கள் உண்டு. இடம் மாற்றி மாட்டினாலும் பொருந்திவிடும், ஆனால் வண்டி ஓடாது.

முதலில் ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாய், பிறகு த்ராட்டில் பாடியின் கனெக்டர். எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தட்டை மின்சாரம் இருக்கும்போது விரலால் தள்ளிப் பார்க்காதீர்கள். மோட்டார் தட்டை மூடினால் விரல் நசுங்கும், கியரும் கெடும். கனெக்டர்களில் பூட்டு இரண்டு விதம். அமுக்கினால் விடுவது ஒன்று. சிவப்பு அல்லது சாம்பல் நிறத் தாழ்ப்பாளை முதலில் பின்னுக்கு இழுத்தபிறகு அமுக்க வேண்டியது இன்னொன்று. வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம், கனெக்டரின் உடலைப் பிடியுங்கள்.

பழைய வேக்யூம் ஹோஸை நேராக இழுத்தால் பிளாஸ்டிக் முனை அதோடு ஒடிந்து வரும். முதலில் இடதும் வலதுமாகத் திருகி ஒட்டை விடுவியுங்கள். அசையவே இல்லையென்றால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்துவிட்டுப் புது ஹோஸ் போடுங்கள். மேனிஃபோல்ட் எப்படியும் போகப்போகிறது, ஆனால் பூஸ்டரின் செக் வால்வு மாதிரித் திரும்ப வேண்டியவை உடையக் கூடாது.

5. ஃபியூயல் ரயில்

இன்ஜெக்டர்களைச் சுற்றி எப்போதும் மணலும் தூசியும் அடைந்திருக்கும். கழற்றுவதற்கு முன்பே காற்றால் ஊதுங்கள், அல்லது வேக்யூம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள். பிறகு லைனைக் கழற்றும்போது துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், மிச்சமிருக்கும் சில சொட்டு அதில் ஊறும். அந்தத் துணியை உடனே வெளியே காற்றோட்டமான இடத்தில் போட்டுவிடுங்கள்.

ரயிலை இன்ஜெக்டர்களோடு சேர்த்தே ஒரே துண்டாக எடுப்பதுதான் சுலபம். இரண்டு முனையையும் மாறி மாறி கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் வந்துவிடும். நெம்புகோல் போட்டால் ரயில் வளையும். எடுத்ததும் இன்ஜெக்டர் நுனிகளைச் சுத்தமான பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். ஒரு தூசி போதும், தெளிப்பு கோணலாகிவிடும். சில எஞ்சின்களில் ரயிலைப் பக்கத்தில் சாய்த்து வைத்தால் போதும், லைனையே கழற்ற வேண்டியதில்லை. உங்கள் எஞ்சினில் அந்த வசதி இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

6. ஒளிந்திருக்கும் போல்ட்டுகள்

மேலே தெரியும் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு மேனிஃபோல்ட் வரவில்லையே என்று நெம்புவது பலர் செய்வது. வரவில்லை என்றால் இன்னும் ஒரு போல்ட் இருக்கிறது என்று அர்த்தம். மேனிஃபோல்டின் அடியிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குப் போகும் தாங்கு பட்டை, டிப்ஸ்டிக் குழாயைப் பிடிக்கும் ஒற்றைப் போல்ட், வயரிங்கைத் தாங்கும் கிளிப், பின்பக்கம் இ.ஜி.ஆர் குழாய். கைக்கண்ணாடியை அடியில் விட்டு விளக்கடித்துப் பாருங்கள்.

மேனிஃபோல்ட் போல்ட்டுகளைத் தளர்த்தும் வரிசை, பூட்டும் வரிசைக்கு நேர் எதிர். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். ஒரேயடியாகக் கழற்றாமல் எல்லாவற்றையும் அரைச் சுற்று, பிறகு இன்னொரு அரைச் சுற்று. ஒரு அட்டையில் மேனிஃபோல்டின் உருவத்தைக் கோடாக வரைந்து, போல்ட் இருந்த இடத்தில் துளையிட்டு, கழற்றிய போல்ட்டை அங்கேயே குத்திவையுங்கள். நீளம் வேறுபடும் போல்ட்டுகள் இருந்தால் இதுதான் காப்பாற்றும். நீளமான போல்ட் ஆழம் குறைந்த துளைக்குள் போனால் அடியில் முட்டி நின்றுவிடும். முறுக்கம் சரியாக இருப்பது போலவே கைக்குத் தெரியும், ஆனால் கேஸ்கட் அமுங்கியே இருக்காது.

7. தூக்கும் கணம்

மேனிஃபோல்ட் விளிம்பைச் சுற்றிக் கடைசியாக ஒரு முறை தூசியை உறிஞ்சுங்கள். சட்டைப் பையில் பேனா, போல்ட் எதுவும் இருக்கக்கூடாது. மேனிஃபோல்டை நேராக மேலே, அல்லது உங்கள் பக்கமாக எடுங்கள். எடுத்த அடுத்த நொடியே ஹெட்டில் தெரியும் ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒரு துணி வைத்து அடையுங்கள். துணி பெரிதாக, பளிச்சென்ற நிறமாக, வால் வெளியே தொங்கும்படி இருக்க வேண்டும். எத்தனை வைத்தீர்கள் என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள். டிஷ்யூ பேப்பர் வேண்டவே வேண்டாம், கிழிந்து உள்ளே நிற்கும்.

அப்படியும் ஏதாவது விழுந்துவிட்டால் ஒரே ஒரு விதி: எஞ்சினைச் சுற்றாதீர்கள். சாவி பக்கம் போகவே வேண்டாம். அந்தச் சிலிண்டரின் இன்டேக் வால்வு மூடியிருந்தால் பொருள் துவாரத்திலேயே வால்வின் முதுகில் கிடக்கும். இரும்பு என்றால் காந்தம் எடுத்துவிடும். அலுமினியமோ பிளாஸ்டிக்கோ என்றால் வேக்யூம் கிளீனர் முனையில் மெல்லிய குழாயைச் செருகி டேப் சுற்றி உறிஞ்சலாம். வால்வு திறந்திருந்தால் சிலிண்டருக்குள் போயிருக்கும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் குழாய்க் கேமராவை விட்டுத் தேட வேண்டும். காணாமல் போன வாஷர் எங்கே என்று தெரியாத வரை எஞ்சினைப் பூட்டக் கூடாது.

8. மேற்பரப்பைச் சுத்தம் செய்தல்

என் கணிப்பில் வேலையின் தரத்தில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. ஹெட்டின் முகத்தில் பழைய கேஸ்கட் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் எடுங்கள், கேஸ்கட் ரிமூவர் போட்டு ஊறவிட்டால் இளகும். உலோகக் கத்தி அலுமினியத்தில் கீறல் போடும். கீறல் துவாரத்தின் உட்பக்கத்திலிருந்து வெளிவிளிம்பு வரை ஓடினால் அதுவே புதுக் கசிவு. ட்ரில்லில் மாட்டித் தேய்க்கும் சொரசொரப்பான வட்டுகளை முழுதாகத் தவிர்த்துவிடுங்கள். அவற்றிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்ஸைடு பொடி ஆயிலோடு கலந்து பேரிங்குகளைத் தின்றுவிடும். நடுப்பள்ளம் திறந்திருக்கும் வி எஞ்சினில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கடைசியாகப் பிரேக் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், நேராகத் தெளிக்க வேண்டாம். நேர்விளிம்புப் பட்டையை ஹெட் முகத்தில் வைத்து இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். எவ்வளவு வளைவு வரை தாங்கும் என்பது மேனுவலில் இருக்கும், பொதுவாக அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். போல்ட் துளைகளில் ஆயிலோ கூலன்டோ தேங்கியிருந்தால் உறிஞ்சி எடுங்கள். அடிமூடிய துளையில் திரவம் இருக்க போல்ட்டை முறுக்கினால் திரவத்துக்குப் போக வழியில்லாமல் ஹெட்டே பிளக்கலாம்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் துவாரத்துக்குள் விளக்கடித்தால் வால்வின் முதுகில் கரி தடித்துப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். அங்கே பெட்ரோல் பட்டுக் கழுவுவதில்லை என்பதுதான் காரணம். மேனிஃபோல்ட் வெளியே இருக்கும் இந்த வேளையை விட்டால் அதைச் சுத்தம் செய்ய வேறு நல்ல வேளை கிடையாது. அரைத்த வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் முறைக்குத் தனிக் கருவி வேண்டும். எந்த முறையானாலும் அந்தச் சிலிண்டரின் இன்டேக் வால்வு முழுதாக மூடியிருக்க வேண்டும்.

9. புது மேனிஃபோல்டைத் தயார் செய்தல்

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு முனையாகச் சரிபாருங்கள். வேக்யூம் முனைகள், சென்சர் துளைகள், போல்ட் துளைகளுக்குள் இருக்க வேண்டிய உலோகப் புஷ். சில மேனிஃபோல்டுகளில் காற்றின் பாதையை மாற்றும் மடல்கள் உள்ளே இருக்கும். கையால் அசைத்து, தடங்கலின்றித் திரும்புகின்றனவா என்று பாருங்கள். பி2015 கோடு வந்து மேனிஃபோல்டை மாற்றுகிறீர்கள் என்றால் பிரச்சினையே இந்த மடலின் நிலையைச் சொல்லும் பகுதியில்தான்.

புதுப் பாகத்தோடு வரும் பிளாஸ்டிக் மூடிகளையும் ஒட்டுக் காகிதங்களையும் எல்லாத் துவாரத்திலிருந்தும் எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். உட்புறம் முழுக்க விளக்கடியுங்கள். த்ராட்டில் பாடியையும் சென்சர்களையும் மேஜையில் வைத்தே புது மேனிஃபோல்டில் மாட்டிவிடலாம்.

இன்ஜெக்டரின் புது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவுங்கள். காய்ந்த ரப்பரைத் திணித்தால் விளிம்பு வெட்டுப்படும். மேல் ஓ-ரிங்கும் கீழ் ஓ-ரிங்கும் சில இன்ஜெக்டரில் வேறு நிறம், வேறு ரப்பர். இடம் மாறக்கூடாது.

10. கேஸ்கட்டும் முறுக்கமும்

ரப்பர் விளிம்பு கொண்ட கேஸ்கட்டுக்கு சிலிக்கோன் பேஸ்ட் எதுவும் பூசத் தேவையில்லை. பூசினால் ரப்பர் வழுக்கித் தன் இடத்தைவிட்டு நகரும், பிதுங்கும் பேஸ்ட் காய்ந்து துண்டாகி எஞ்சினுக்குள் போகும். விதிவிலக்கு ஒன்று. வி எஞ்சின்களில் இரண்டு ஹெட்டும் பிளாக்கும் சேரும் மூலைகளில் பேஸ்ட் வைக்கச் சொல்லி மேனுவலில் இருந்தால், அங்கே மட்டும், அது சொல்லும் தடிமனில் வையுங்கள்.

சரி, இப்போது துணிகளை எடுங்கள். அட்டையில் எழுதிய எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா? ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் கடைசியாக ஒரு முறை விளக்கடித்துவிட்டு மேனிஃபோல்டை நேராக வையுங்கள். கேஸ்கட் தன் பள்ளத்திலிருந்து நழுவாமல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். எல்லாப் போல்ட்டையும் விரலால் மட்டும் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாத போல்ட் மரை மாறி ஏறுகிறது. எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், ராட்செட்டால் அடக்கப் பார்க்காதீர்கள்.

முறுக்குவது நடுவில் தொடங்கி, இரு பக்கமும் மாறி மாறி ஓரத்துக்குப் போகும். முதல் சுற்றில் பாதி அளவு, அடுத்த சுற்றில் முழு அளவு. பிளாஸ்டிக் மேனிஃபோல்டின் சின்னப் போல்ட்டுகளுக்கு வழக்கமாக 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும், அலுமினிய மேனிஃபோல்டின் பெரிய போல்ட்டுகளுக்கு 20 முதல் 25. உங்கள் எஞ்சினுக்கான சரியான எண் மேனுவலில் இருப்பதுதான்.

இவ்வளவு குறைவாகவா என்று தோன்றும். போல்ட் துளைக்குள் இருக்கும் உலோகப் புஷ் ஹெட்டைத் தொட்டதும் கேஸ்கட் எவ்வளவு அமுங்க வேண்டுமோ அவ்வளவு அமுங்கிவிட்டது. அதற்குமேல் எவ்வளவு முறுக்கினாலும் அடைப்பு துளியும் கூடாது. ஹெட்டின் அலுமினிய மரைதான் போகும், அல்லது மேனிஃபோல்டின் விளிம்பு வெடிக்கும். அலகையும் கவனியுங்கள். 10 நியூட்டன் மீட்டர் என்பது சுமார் 89 அங்குல-பவுண்ட், வெறும் 7.4 அடி-பவுண்ட். மேனுவலில் 89 என்று பார்த்துவிட்டு அடி-பவுண்ட் ரெஞ்சில் 89 வைத்தால், ‘கிளிக்’ கேட்பதற்கு முன்பே போல்ட் ஒடியும். மேனுவல் சொல்லாவிட்டால் மரையில் ஆயில் தடவ வேண்டாம். உராய்வு குறைந்து, அதே எண்ணுக்கு போல்ட் அதிகமாக இழுபடும்.

11. திரும்பப் பூட்டுதல்

கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும், படங்கள் கையில் இருக்கின்றன. முதலில் அடியில் இருந்த தாங்கு பட்டை. ரயிலை இரண்டு முனையிலும் சமமாக அழுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரும் விரலால் திருப்பினால் கொஞ்சம் சுழல வேண்டும், சுழலாவிட்டால் ஓ-ரிங் மடிந்திருக்கிறது. ஃபியூயல் லைன் ‘கிளிக்’ என்று உட்கார்ந்ததும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். சத்தம் கேட்டது மட்டும் போதாது.

12. முதல் ஸ்டார்ட்

பேட்டரியை மாட்டி, பம்ப் ஃபியூஸைத் திரும்பப் போடுங்கள். சாவியை ஆனில் வைத்துச் சில விநாடி பொறுத்து ஆஃப் செய்யுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. பம்ப் ரயிலை நிரப்பும். ஒவ்வொரு முறையும் இறங்கிப்போய் இன்ஜெக்டர்களைச் சுற்றியும் லைன் இணைப்பிலும் விளக்கடித்துப் பாருங்கள். ஈரமோ வாடையோ இருந்தால் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் சில நொடி தடுமாறும், ரயிலில் காற்று இருக்கும். அதன்பிறகும் ஐட்லிங் கொஞ்ச நேரம் சரியாக நிற்காமல் போகலாம். பேட்டரியைக் கழற்றியதில் கம்ப்யூட்டர் தான் கற்ற த்ராட்டில் நிலையை மறந்திருக்கும். அதைத் திரும்பக் கற்பிக்கும் முறை காருக்குக் கார் வேறு. ஆனால் தெளிவாக ‘ஸ்ஸ்’ கேட்டால் கற்றல் பிரச்சினை இல்லை, மாட்டாமல் விட்ட ஹோஸ். பின்பக்கம் தெரியாத முனைகளை முதலில் பாருங்கள்.

கூலன்டை வடித்திருந்தால் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். வி எஞ்சினின் நடுப்பள்ளத்தில் கூலன்ட் ஒழுகியிருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். கூலன்ட் கலந்த ஆயிலில் ஒரு நிமிடம்கூட எஞ்சினை ஓட்டாதீர்கள்.

சாலைக்குப் போவதற்கு முன் பிரேக். எஞ்சின் நின்றிருக்கும்போது பெடலை நான்கைந்து முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் ஹோஸ் சரியாக மாட்டவில்லை, காரை நகர்த்த வேண்டாம்.

பிறகு கோடுகளை அழித்துவிட்டு, ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவந்து ட்ரிம்மைப் பாருங்கள். ஐட்லிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் பூஜ்யத்தை ஒட்டி, மேலும் கீழும் 5 சதவீதத்துக்குள் நின்றால் அடைப்பு சரியாக இருக்கிறது. மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள், குமிழி வெளியேறி இறங்கியிருந்தால் நிரப்புங்கள். போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மேனுவல் சொல்லாத வரை அது தேவையில்லை, எஞ்சின் சூடாக இருக்கும்போது கூடவே கூடாது. ஒரு வாரம் கழித்து ட்ரிம்மை இன்னொரு முறை பாருங்கள். அப்போது மறுபடி ஏறியிருந்தால், புது மேனிஃபோல்டைச் சந்தேகிக்கும் முன் நீங்கள் கையால் தொட்ட ஹோஸ்களிலும் த்ராட்டில் பாடி கேஸ்கட்டிலும் தொடங்குங்கள்.